சந்தைக்கு வழி கேட்ட தோழர்

 



ஸஹாபாப் பெருமக்களின் தியாகங்களை நம் மேடைகளில் எடுத்துரைக்கும் பேச்சாளர்கள் பெரும்பாலும் போர்க்களத்தின் வீரத்தையே பேசுகிறார்கள். கேட்கும் நமக்கு உடல் சிலிர்க்கிறது. கூட்டம் முடிந்ததும் எழுந்து போய்க் கடைப் பலகையை எடுத்து வைத்துவிட்டு, கல்லாவில் அமர்ந்து நம் வேலையைப் பார்க்கிறோம். அவர்கள் ஏந்திய வாளுக்கும் நாம் பிடிக்கும் தராசுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்ற எண்ணம் நம் உள்ளத்தில் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கிறது. அது பிழையான எண்ணம். சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர் நம்மைப் போலவே காலையில் சந்தைக்குப் போய் மாலையில் கணக்குப் பார்த்தவர். அவரே ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் பின் அவ்பு (ரலி) அவர்கள். நமது தொழிலுக்கும் நமது சங்கத்துக்கும் அவர்களுடைய வாழ்க்கையில் எவ்வளவோ இருக்கிறது. ஆகவே அதைச் சற்று நிதானமாகவே பார்ப்போம்.

மக்காவில் குறைஷிகளின் ஸுஹ்ரா கூட்டத்தில் பிறந்தவர்கள் அவர்கள். ஹஜ்ரத் அபூபக்ரு (ரலி) அவர்களின் அழைப்பைக் கேட்டு, இஸ்லாத்தின் ஆரம்ப நாட்களிலேயே ஈமான் கொண்டவர்கள். அறியாமைக் காலத்தில் அப்து அம்ரு என்றிருந்த பெயரை மாற்றி அப்துர் ரஹ்மான் என்று பெயர் சூட்டியவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களே. துன்பம் தாங்காது அபிசீனியாவுக்குச் சென்றார்கள், திரும்பி வந்தார்கள், பின்பு 622ஆம் ஆண்டில் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். மக்காவில் தேடிய முதல் அங்கேயே நின்றுவிட்டது. மதீனாவில் வந்து நின்றபோது கையில் ஒன்றுமில்லை.

அன்றைய மதீனாவைப் பெரும் பட்டணம் என்று நினைத்துவிடக் கூடாது. பேரீச்சந் தோப்புகளுக்கு நடுவே ஒவ்வொரு கூட்டத்தாரும் தனித்தனிக் குடியிருப்பாக வாழ்ந்த சிற்றூர் அது. ஊர் மக்களில் பெரும்பாலோர் விவசாயிகள். வியாபாரமும் பொற்கொல்லர் தொழிலும் பனூ கைனுகா என்னும் யூதக் கூட்டத்தார் கையில் இருந்தன. சந்தையும் அவர்களுடையதே. அப்படிப்பட்ட ஊரில், வந்தவர்களாகிய முஹாஜிரீன்களையும் இருந்தவர்களாகிய அன்ஸாரிகளையும் ஒருவருக்கொருவர் உடன்பிறப்பாக இணைத்து வைத்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக அமைந்தவர் ஸஅது பின் ரபீஉ (ரலி) அவர்கள்; அன்ஸாரிகளில் நல்ல செல்வந்தர்.

அவர் சொன்ன சொல் புகாரி ஷரீபில் பதிவாகியிருக்கிறது. தம் சொத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதியை எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். அதோடும் நிற்கவில்லை. இரு மனைவியரில் ஒருவரை மணவிலக்குச் செய்து, இத்தா முடிந்தபின் இவருக்கு மணம் முடித்து வைக்கவும் முன்வந்தார். நாம் ஒரு ஊர்க்காரருக்கு நூறு வெள்ளி கைமாற்றுக் கொடுத்துவிட்டு ஒரு வருஷம் அதைச் சொல்லிக் காட்டுகிறோம். இவரோ நேற்று வந்தவருக்குப் பாதி வீட்டைத் தர நிற்கிறார். அன்ஸாரிகளின் இந்த மனத்தையே திருமறை அல்ஹஷ்ரு அத்தியாயத்தில் இறைவன் புகழ்ந்து கூறுகிறான்.

அதற்கு அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் செய்தது இரண்டே காரியங்கள். முதலாவதாக, அவருடைய குடும்பத்திலும் பொருளிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்று துஆச் செய்தார்கள். இரண்டாவதாக, உங்கள் ஊர்ச் சந்தை எங்கே இருக்கிறது, வழி காட்டுங்கள் என்று கேட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உதவி பெறுவது இழிவு என்று அவர்கள் கருதினார்கள் என நாம் நினைக்கவில்லை. முஹாஜிரீன்களில் பலர் அன்ஸாரிகளின் தோப்புகளில் சேர்ந்து உழைத்து, விளைச்சலில் பங்கு பெற்றார்கள். அதை நாயகம் (ஸல்) அவர்களே ஏற்பாடு செய்தார்கள். அதுவும் கண்ணியமான வழியே. ஆனால் இவர் வியாபாரி. தமக்குத் தெரிந்த தொழில் எது என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தொழிலுக்கு முதல் தேவைப்பட்டது இடமும் வழியுமே அன்றி இன்னொருவருடைய பாதிச் சொத்து அல்ல. வேண்டாம் என்று சொன்னபோதும், கொடுக்க வந்தவர் மனம் கோணாமல் துஆவை முன்வைத்துச் சொன்னார்கள். மறுப்பதிலும் ஒரு மரியாதை உண்டு. நம்மில் பலருக்கு வாங்கவும் தெரியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை.

சகோதரர்களே! இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலாக் கப்பலில் ஏறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வந்திறங்கிய நம் பாட்டன்மார்கள் கேட்டதும் இதே கேள்விதான். கடையநல்லூர், தென்காசி, கீழக்கரை, நாகூர், கூத்தாநல்லூர் என்று எந்த ஊரிலிருந்து வந்த சபுராளியாக இருந்தாலும், ஊர்க்காரர் கடை மாடியில் ஒரு பாய் விரிக்க இடம் கேட்டார். மறுநாள் பஜார் எந்தப் பக்கம் என்று கேட்டார். மூட்டை தூக்கியும், தெருத் தெருவாகத் துணி விற்றும், தலைச்சுமைச் சோறு விற்றும் நிமிர்ந்தவர்கள் அவர்கள். 1801இல் பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1826இல் சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியாப் பள்ளிவாசலும் தோன்றின என்றால், அவை அரசாங்கக் கஜானாவிலிருந்து எழுந்தவை அல்ல. முன்னோடி வணிகர்கள் முன்னின்று எழுப்பியவை.

நிற்க. அந்தச் சந்தையில் அவர்கள் செய்த முதல் வியாபாரம் என்ன தெரியுமா? உலர்ந்த தயிர்க்கட்டியும் நெய்யும்! அன்று மாலையே அதில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வீடு திரும்பினார்கள். மறுநாளும் போனார்கள், அதற்கு மறுநாளும் போனார்கள். மக்காவில் ஒட்டகக் கூட்டங்களோடு வாணிபம் செய்தவர், பொற்கொல்லர்கள் நிறைந்த சந்தையில் நெய் விற்க உட்காருவதற்குக் கூசவில்லை. சில நாள் சென்று பெருமானார் (ஸல்) அவர்கள் முன் வந்தபோது அவர்கள் மேனியில் மஞ்சள் நிற வாசனைப் பூச்சின் அடையாளம் இருந்தது. விசாரித்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அன்ஸாரிப் பெண் ஒருவரை மணந்துகொண்டதாகவும், ஒரு பேரீச்சங் கொட்டையின் எடையளவு தங்கம் மஹராகக் கொடுத்ததாகவும் பதில் வந்தது. ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்து கொடுக்கும்படி பணித்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். கொட்டையளவு தங்கம், ஒரே ஓர் ஆடு. கடன் வாங்கி நம்மூரில் நடத்தும் கல்யாணங்களைப் பற்றி நாம் இங்கே ஒன்றும் சொல்லப் போவதில்லை. நம் வீட்டுப் பெண்டுகள் இதைப் படிக்கக்கூடும்.

அவர்களுடைய வியாபார முறையைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு செய்தியை எடுத்தெழுதுகிறார்கள். செல்வம் பெருகியதன் காரணத்தைக் கேட்டவர்களுக்கு அவர்கள் மூன்று பதில்களைத் தந்தார்களாம். எவ்வளவு சிறிய இலாபம் வந்தாலும் தட்டியதில்லை, கேட்டு வந்தவருக்குச் சரக்கை விற்கத் தாமதித்ததில்லை, தவணைக்கு விற்றதில்லை. இதற்கு உதாரணமாக இமாம் அவர்கள் குறிப்பிடும் கணக்கு நம் போன்றோர் படித்து மகிழத்தக்கது. ஒருமுறை ஆயிரம் ஒட்டகங்களை வாங்கிய விலைக்கே விற்றுவிட்டார்கள். ஒட்டகத்தின் முழங்காலைக் கட்டும் கயிறு மட்டுமே அவர்களுக்கு மிஞ்சியது. அந்தக் கயிறு ஒவ்வொன்றையும் ஒரு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஆயிரம் திர்ஹம் ஆயிற்று. அன்றே விற்றுவிட்டபடியால் அன்றைய தீனிச் செலவு ஆயிரம் திர்ஹம் மிச்சம். ஆக இரண்டாயிரம்! விலை ஏறட்டும் என்று சரக்கைக் கிடங்கில் பூட்டி வைத்துவிட்டு, வாடகையும் எலியும் தின்றது போக எவ்வளவு மிஞ்சியது என்று பார்க்காத முதலாளிகள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

தவணைக்கு விற்பது மார்க்கத்தில் கூடாதது அன்று. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். சிற்றூரில் மளிகைக்கடை வைத்திருப்பவருக்கு 555 நோட்டுப் புத்தகம் இல்லாமல் கடை ஓடாது. மாதச் சம்பளம் வரும்வரை அரிசியும் பாலும் கடன் கொடுத்துத் தோட்டத்து ஏழைகளை வாழவைத்த கடைக்காரர்கள் நம்மில் அநேகர் இருந்திருக்கிறார்கள். அதுவும் ஒரு ஸதகாவே. அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் தமக்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டார்கள் என்பது மட்டுமே இங்கே செய்தி.

மாற்று மதத்தாரோடு அவர்களுக்கிருந்த வியாபாரத் தொடர்பைப் பற்றியும் புகாரி ஷரீபில் ஒரு நிகழ்ச்சி உண்டு. மக்காவிலிருந்த உமையா பின் கலபு இஸ்லாத்தின் கடும் விரோதி. பிலால் (ரலி) அவர்களைச் சுடுமணலில் கிடத்தி வதைத்தவன் அவன்தான். ஆனால் அவனுக்கும் இவர்களுக்கும் பழைய பழக்கம். மக்காவிலுள்ள இவர்களுடைய பொருளை அவன் பார்த்துக்கொள்வது, மதீனாவிலுள்ள அவனுடைய பொருளை இவர்கள் பார்த்துக்கொள்வது என்று எழுத்து மூலமாக ஒப்பந்தம் செய்தார்கள். பத்திரத்தில் அப்துர் ரஹ்மான் என்று எழுதியபோது, ரஹ்மான் யாரென்று எனக்குத் தெரியாது, உன் பழைய பெயரை எழுது என்றான் அவன். அப்து அம்ரு என்றே எழுதி ஒப்பந்தத்தை முடித்தார்கள். பெயருக்காக ஒப்பந்தத்தை முறிக்கவில்லை. 624ஆம் ஆண்டு பத்ருப் போரில் அந்த உமையா தோற்று நின்றபோது, கொடுத்த வாக்கை எண்ணி அவனை உயிரோடு காப்பாற்ற முயன்றார்கள். பிலால் (ரலி) அவர்கள் கண்டுவிட்டார்கள். அவனைக் காப்பாற்ற முடியவில்லை. அவன் மேல் கவிழ்ந்து மறைத்த அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் காலிலும் வாள் பட்டது. பிலால் (ரலி) அவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை எவர் மறுப்பார்? ஆயினும் வியாபாரத்தில் கொடுத்த வாக்குக்கு இவர்கள் எத்தனை மதிப்பு வைத்திருந்தார்கள் என்பதையும் நாம் பார்க்கிறோம். சீனத் தவுக்கேயிடம் சரக்கெடுத்து, மலாய்க்காரச் சகோதரரிடம் விற்று, தமிழ் இந்துவோடு கூட்டுச் சேர்ந்து பிழைக்கும் நமக்கு இது பொருத்தமான செய்தி.

625ஆம் ஆண்டு உஹதுப் போரில் அவர்கள் உடலில் இருபதுக்கும் மேற்பட்ட காயங்கள் விழுந்தன, முன்பற்கள் உடைந்தன, ஒரு கால் ஊனமாயிற்று. பாதிச் சொத்தைத் தர முன்வந்த ஸஅது பின் ரபீஉ (ரலி) அவர்கள் அதே போரில் ஷஹீதானார்கள். அதன்பின் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் ஊருக்காக நடந்த நடையெல்லாம் அந்த ஊனக் காலோடு நடந்ததுதான்.

அவர்களுடைய ஊர்த் தொண்டைப் பற்றிப் பேசும்போது தபூக்குப் படையெடுப்பை விட்டுவிட முடியாது. ஹிஜ்ரி 9, கிறிஸ்து ஆண்டு 630. கடும் கோடை, பஞ்சம், தூரப் பிரயாணம். பொருள் தேவை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். தம்மிடமிருந்த எட்டாயிரம் திர்ஹத்தில் நாலாயிரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் என்று தப்ஸீர்கள் கூறுகின்றன. அதே வேளையில் அபூ அகீல் (ரலி) என்ற ஏழைத் தோழர் ஒருவர் வந்தார். இரவெல்லாம் கிணற்றில் நீர் இறைத்துக் கூலியாகப் பெற்ற பேரீச்சம்பழத்தில் பாதியை மனைவி மக்களுக்கு வைத்துவிட்டு மறுபாதியைக் கொண்டுவந்திருந்தார். ஓரமாக நின்ற முனாபிக்குகள் என்ன சொன்னார்கள்? நாலாயிரம் கொடுத்தவரைப் பார்த்து, பேருக்காகக் கொடுக்கிறார் என்றார்கள். கைப்பிடிப் பழம் கொடுத்தவரைப் பார்த்து, இது அல்லாஹ்வுக்கு எதற்கு என்று சிரித்தார்கள். இவர்களைக் கண்டித்தே திருமறையின் தவ்பா அத்தியாயத்தில் 79ஆம் வசனம் இறங்கியது. அவ்வசனத்தில், தாமே மனமுவந்து கொடுப்போர் என்னும் பொருளுடைய சொல்லால் இறைவன் அவர்களைக் குறிப்பிடுகிறான். தொண்டர் என்று நாம் இன்று சொல்கிறோமே, அதே கருத்து.

நம் ஊர்களில் நடப்பதை நாமே பார்க்கிறோம். மதரஸாக் கட்டிட நிதிக்கு ஒரு முதலாளி பெருந்தொகை கொடுத்தால், கல்வெட்டில் பேர் வேண்டுமாம் என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்கிறார்கள். ரொட்டிச்சானாய் போடும் தம்பி ஐந்து வெள்ளி கொடுத்தால், பட்டியலில் இதை எங்கே எழுதுவது என்று சிரிக்கிறார்கள். இரண்டு பேச்சும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. அந்த வாய்க்குரியவர் பெயரைப் பட்டியலில் தேடினால் கிடைப்பதில்லை. இதற்கு அஞ்சிக் கையை இழுத்துக்கொண்டவர்கள் பலர். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் அதற்குப் பிறகும் கொடுத்தார்கள். அந்த ஏழைத் தோழரும் பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை.

அதே தபூக்குப் பிரயாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த பாக்கியத்தையும் சொல்ல வேண்டும். ஒருநாள் பஜ்ருத் தொழுகைக்கு நாயகம் (ஸல்) அவர்கள் வரத் தாமதமாகவே, கூடியிருந்தோர் இவர்களை இமாமாக நிறுத்தித் தொழத் தொடங்கிவிட்டார்கள். வந்து சேர்ந்த பெருமானார் (ஸல்) அவர்கள் இவர்களைப் பின்பற்றி ஒரு ரக்அத்துத் தொழுது, மற்றதைத் தாமே நிறைவு செய்தார்கள். முஸ்லிம் ஷரீபில் உள்ள செய்தி இது. நெய் விற்ற வியாபாரியின் பின்னால் நபிமார்களின் தலைவர்!

பெருமானார் (ஸல்) அவர்கள் மறைந்தபின், முஃமின்களின் அன்னையரைக் கவனிப்பதைத் தம் கடமையாக எடுத்துக்கொண்டார்கள். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் கடைசி ஹஜ்ஜின்போது அன்னையரைப் பத்திரமாக மக்காவுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு ஹஜ்ரத் உதுமான் (ரலி) அவர்களுக்கும் இவர்களுக்கும் தரப்பட்டது. தம் நிலமொன்றை உதுமான் (ரலி) அவர்களுக்கு நாற்பதாயிரம் தீனாருக்கு விற்று, அத்தொகை முழுவதையும் தம் கூட்டத்தாரில் ஏழைகளுக்கும், முஹாஜிரீன்களுக்கும், அன்னையர்க்கும் பங்கிட்டுவிட்டார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் பங்கு வந்து சேர்ந்தபோது இவர்களுக்காகத் துஆச் செய்தார்கள். மதீனாவாசிகளில் மூன்றில் ஒரு பங்கினர் இவர்களிடம் கடன் பெற்றனர், மூன்றில் ஒரு பங்கினரின் கடனை இவர்கள் அடைத்தனர், மீதிப் பங்கினருக்கு அன்பளிப்புச் செய்தனர் என்று அக்காலத்தார் சொல்லிக்கொண்டனர். பணியாட்களுக்கு நடுவே நின்றால் எவர் முதலாளி என்று உடையைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது என்பதும் அவர்களைப் பற்றிய பேச்சு.

இத்தனை செல்வமும் அவர்களுக்கு நிம்மதியைத் தந்ததா? ஒருநாள் நோன்பு திறக்க உணவு வந்தது. அதைப் பார்த்ததும் உஹதில் ஷஹீதான முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்கள் நினைவுக்கு வந்தார்கள். என்னைவிடச் சிறந்தவர் அவர். அவருக்குக் கபனாக ஒரே ஒரு போர்வைதான் இருந்தது. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது என்று சொன்னார்கள். நாம் செய்த நன்மைகளுக்குரிய கூலியெல்லாம் இவ்வுலகத்திலேயே தீர்த்துத் தரப்பட்டுவிட்டதோ என்று அஞ்சி அழுதார்கள். உணவைத் தொடவில்லை. வியாபாரி ஒருவர்தான் இப்படி அஞ்ச முடியும் என்று நமக்குத் தோன்றுகிறது. வரவேண்டிய பாக்கி முழுவதும் வந்து சேர்ந்துவிட்டால் பேரேட்டில் அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு மூடிவிடுகிறோம் அல்லவா? தம் பக்கமும் அப்படி மூடப்பட்டுவிட்டதோ என்பதே அவர்கள் பயம்.

ஹிஜ்ரி 18இல் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவிற்று. அங்கே சென்றுகொண்டிருந்த கலீபா உமர் (ரலி) அவர்கள் ஸர்கு என்னும் இடத்தில் தங்கி, போவதா திரும்புவதா என்று பலரோடும் ஆலோசித்துத் திரும்பிவிடத் தீர்மானித்தார்கள். ஏதோ தம் காரியமாக அப்பால் போயிருந்த அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் வந்ததும், நோய் கண்ட ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அவ்வூரில் இருப்பவர் அங்கிருந்து ஓடவும் வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை எடுத்துச் சொன்னார்கள். 2020இல் இந்நாடுகளில் பள்ளிவாசல்களே அடைபட்டிருந்தபோது இமாம்கள் மீண்டும் மீண்டும் எடுத்துச் சொன்ன ஹதீஸ் இது.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறோம். ஹிஜ்ரி 23இன் இறுதி, 644ஆம் ஆண்டு. பஜ்ருத் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் கத்தியால் குத்தப்பட்டார்கள். சாய்ந்தபோது அவர்கள் கையைப் பிடித்து முன்னே நிறுத்தியது அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களையே. சுருக்கமாகத் தொழுகையை முடித்து வைத்தார்கள். மரணப் படுக்கையில் கலீபா அவர்கள் ஆறு பேரைக் குறிப்பிட்டு, உங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்று கட்டளையிட்டார்கள்: அலி, உதுமான், சுபைர், தல்ஹா, ஸஅது பின் அபீ வக்காஸ், அப்துர் ரஹ்மான் (ரலி அன்ஹும்).

அறுவரும் கூடினார்கள். சுபைர் (ரலி) தம் உரிமையை அலிக்கும், தல்ஹா (ரலி) உதுமானுக்கும், ஸஅது (ரலி) அப்துர் ரஹ்மானுக்கும் விட்டுக்கொடுத்தார்கள். எஞ்சியவர் மூவர். பாரசீகமும் ஷாமும் மிஸ்ரும் அடங்கிய ஆட்சி; அதற்குத் தலைமை; கைக்கெட்டிய தூரம். அந்த நேரத்தில் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள், இதில் நான் போட்டியிடவில்லை, உங்கள் இருவரில் சிறந்தவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் விடுங்கள் என்று கூறினார்கள். இருவரும் ஒப்பினார்கள்.

அதன்பின் நடந்தது என்ன? ஊனக் காலோடு ஊர் முழுவதும் அலைந்தார்கள். தலைவர்களைக் கேட்டார்கள், படைத் தளபதிகளைக் கேட்டார்கள். திரைமறைவிலிருந்த பெண்களையும், மக்தபிலிருந்த பிள்ளைகளையும், மதீனாவுக்கு வந்திறங்கிய பிரயாணிகளையும்கூட விசாரித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மூன்றாம் நாள் இரவு வெகுநேரம் சென்று தம் சகோதரி மகன் மிஸ்வர் (ரலி) அவர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்த மருமகனை எழுப்பி, இந்த மூன்று இரவும் நான் சரியாகக் கண் மூடவில்லை என்று சொல்லி, சுபைரையும் ஸஅதையும் அழைத்துவரச் சொன்னார்கள், பின்பு அலியை, அவர்களோடு நள்ளிரவு வரை தனித்துப் பேசினார்கள். பின்பு உதுமானை; பாங்கு சொல்லும் வரை அவர்களோடு பேசினார்கள். பொழுது புலர்ந்து தொழுகை முடிந்ததும், மக்கள் கருத்து உதுமான் (ரலி) அவர்கள் பக்கம் இருப்பதை அறிவித்து முதல் கை கொடுத்தார்கள். மற்றவர்களும் பைஅத்துச் செய்தார்கள்.

நம் சங்கங்களின் பொதுக்கூட்டம் எப்படி நடக்கிறது என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. அக்கிராசனர் நாற்காலிக்காக மச்சானும் மச்சானும் பேச்சு முறித்துக்கொண்டதுண்டு. காரியதரிசிப் பதவி கிடைக்காத வருத்தத்தில் தனிச் சங்கம் தொடங்கியவர்களும் உண்டு. பள்ளிவாசல் கணக்கை இரண்டு வருஷம் காட்டாமல் வைத்திருந்து, கேட்டவரைப் பகைவராக்கியதும் உண்டு. பெயர் சொல்லி யாரையும் புண்படுத்துவது நம் நோக்கமல்ல. ஒரு சங்கத்தில் தேர்தல் சண்டை வந்தால் இரு தரப்பாரும் நம்பி ஏற்கும் ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதே நம் கேள்வி. அப்படி ஒருவர் இருக்க வேண்டுமானால், அவர் முதலில் தமக்கு அந்த நாற்காலி வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வேண்டாம் என்றபின் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாமல், வீடு வீடாக நடக்கவும் வேண்டும். முந்தியதைச் செய்பவர் சிலர் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்பவர் அரிது. பதவி கிடைக்காவிட்டால் தொண்டு செய்ய வழியில்லை என்று சொல்பவர்கள், அந்த மூன்று இரவுகளில் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் எந்தப் பதவியில் இருந்தார்கள் என்று சொல்லட்டும்!

நம் ஊர்களில் இந்த வழியில் நடந்தவர்கள் இல்லாமல் போகவில்லை. மையித்துச் செய்தி வந்தால் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டுக் கபன் துணியைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறவர், ரமலானில் கஞ்சி காய்ச்ச முதல் ஆளாக வந்து அடுப்பு மூட்டுகிறவர், வெள்ளிக்கிழமை உண்டியலை நாலு பேர் முன்னால் எண்ணி எழுதுகிறவர் என்று ஒவ்வொரு சிற்றூரிலும் ஓரிருவர் இருந்தே வந்திருக்கிறார்கள். அவர்கள் படம் எந்த மலரிலும் வந்திராது.

அப்துர் ரஹ்மான் பின் அவ்பு (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 32இல், 652ஆம் ஆண்டு மதீனாவில் வபாத்தாகி ஜன்னத்துல் பகீயில் அடக்கமானார்கள். அவர்கள் விட்டுச் சென்ற தங்கத்தைக் கோடரி கொண்டு வெட்டிப் பங்கிட வேண்டியிருந்தது என்றும், வெட்டியவர்களின் கைகள் கொப்பளித்துவிட்டன என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். பத்ருப் போரில் கலந்துகொண்டவர்களில் உயிரோடிருந்தோர் ஒவ்வொருவருக்கும் நானூறு தீனார் கொடுக்கும்படி மரண சாஸனம் செய்திருந்தார்கள். அப்போது அப்படி நூறு பேர் இருந்தார்கள். பங்கு கொடுத்தபோது வாங்கிக்கொண்டவர்களில் ஹஜ்ரத் உதுமான் (ரலி) அவர்களும் ஒருவர். கலீபா பதவியிலிருந்தவர், பெரும் செல்வந்தர், அந்த நானூறு தீனார் அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. அப்துர் ரஹ்மானின் பொருள் ஹலாலானது, அதில் ஒரு கவளம் உண்பதும் பரக்கத்து என்று சொல்லித் தம் பங்கைக் கையேந்தி வாங்கிக்கொண்டார்கள்.